தண்ணி பொருளைக் கொண்டு போகும், தவணையைக் கொண்டு போகாது

(மழைக்காலத்துக்கு முன்பு நடைபெற்ற கூட்டமைப்புக் கூட்டத்தில் எங்கள் தொண்டு நிறுவனத்தின் கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர இயலாத உறுப்பினர்களின் வேண்டுகோளுக்கு இணங்க எழுத்து வடிவில் தரப்படுகிறது. குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டுப் பயன்பெறவும்.)



வழக்கமாக இந்தக் கூட்டத்தில் சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் என்றுதான் பேசுவோம். இன்றைக்கு நாம் பேசப்போவது வீட்டுச் சாமான்களை மூட்டை கட்டுவதைப் பற்றி. "மூட்டை கட்டத் தெரியாத பொம்பளை யாருங்க இருக்கா?" என்று பின்வரிசையில் ஒரு அக்கா கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். ஆனால் இன்று கட்டி நாளை பிரிக்கிற மூட்டை வேறு. ஐப்பசியில் கட்டி, மார்கழி முடிந்து தைப் பொங்கலுக்குப் பிரிக்கிற மூட்டை வேறு. அந்த மூன்று மாதமும் தண்ணீர், ஈரம், எலி, கரையான், பூஞ்சை எல்லாவற்றுக்கும் தப்பி அது இருக்க வேண்டும்.

இது சேமிப்புக் குழுவுக்குச் சம்பந்தமில்லாத விஷயமும் அல்ல. நம் வீட்டில் இருக்கும் தையல் மெஷின் எப்படி வந்தது? குழுக் கடனில் வந்தது. இட்லிக் கடை வைத்திருக்கும் அக்காவின் கிரைண்டர் எப்படி வந்தது? அதுவும் கடன்தான். வெள்ளம் வந்தால் மெஷின் போய்விடும். ஆனால் தவணை போகாது. அடுத்த மாதம் ஐந்தாம் தேதி அது வந்து நிற்கும். சம்பாதித்துக் கொடுத்த பொருள் இல்லை, கட்ட வேண்டிய பணம் மட்டும் இருக்கிறது என்றால் அந்தக் குடும்பம் எங்கே போகும்? வட்டிக்காரரிடம்தான் போகும். அதனால் சாமான்களைப் பத்திரப்படுத்துவதும் ஒரு சேமிப்புத்தான்.

நம் பகுதிக்குத் தண்ணீர் எப்படி வருகிறது?

நாம் இருப்பது இரண்டு ஆறுகளுக்கு நடுவில். ஆரணியாறு ஆந்திராவில் பிச்சாட்டூர் அணையைக் கடந்து ஊத்துக்கோட்டை, பொன்னேரி வழியாகப் பழவேற்காடு ஏரிக்கு வருகிறது. கொசஸ்தலையாறு பூண்டி ஏரியிலிருந்து கிளம்பும் உபரி நீரையும் சேர்த்துக்கொண்டு எண்ணூர் கழிமுகத்துக்குப் போகிறது. அதனால் நம் தெருவில் மழை விட்டு வெயில் அடித்தாலும் ஆபத்து போய்விட்டது என்று அர்த்தமில்லை. மேலே பெய்த மழைக்கு அணையைத் திறந்தால் கீழே இருக்கிற நமக்குத் தண்ணீர் வரும். "நேத்து வெயிலு அடிச்சுதே, அதான் எல்லாத்தையும் திரும்ப இறக்கி வச்சிட்டோம்" என்று சொல்லிப் பொருளை இழந்தவர்கள் உண்டு.

மூன்று வருடங்களை மட்டும் நினைவுபடுத்திக்கொள்வோம்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் பலருக்கும் பொருளை விடப் பெரிய இழப்பு காகிதம். பட்டா, மதிப்பெண் பட்டியல், வாக்காளர் அட்டை, பாஸ்புக் எல்லாம் கரைந்து போயின. அவற்றின் நகல்களைக் கட்டணமில்லாமல் கொடுக்க அரசு சிறப்பு முகாம்களே நடத்த வேண்டியிருந்தது.

2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் சென்னைக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. அன்று பெரிய சேதம் காற்றால். ஓடும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும் பறந்தன. வெள்ளத்துக்குப் பயந்து பரண் மேல் ஏற்றி வைத்ததெல்லாம் கூரை போனதும் நனைந்தது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். அது கரையைக் கடந்தது ஆந்திராவில் பாபட்லா பக்கத்தில், 5-ம் தேதி. ஆனால் 3, 4 தேதிகளில் பெய்த மழையில் சென்னையும் நம் மாவட்டமும் தண்ணீரில் நின்றன. எண்ணூர்ப் பகுதியில் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் கலந்து வீடுகளுக்குள் புகுந்தது. வெறும் தண்ணீரில் நனைந்த துணியைத் துவைத்துக்கொள்ளலாம், எண்ணெய் பட்ட பாயையும் தலையணையையும் என்ன செய்வது? பாதிக்கப்பட்ட பகுதிகளில் ரேஷன் கடை வழியாக அரசு 6,000 ரூபாய் கொடுத்தது. அந்த நேரத்தில் அது பெரிய உதவி. ஆனால் ஒரு கிரைண்டரும் ஒரு மெத்தையும் வாங்கினால் அந்தப் பணம் முடிந்தது.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புரியும். தண்ணீர் கீழேயிருந்தும் வரும், மேலேயிருந்தும் வரும். எனவே "உயரத்தில் வச்சாச்சு" என்று நிம்மதியாக இருக்க முடியாது. உயரத்திலும் வைக்க வேண்டும், நனையாமலும் கட்ட வேண்டும்.

எப்போது கட்டுவது?

எச்சரிக்கை வந்த பிறகு கட்டலாம் என்று இருக்கக் கூடாது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை செய்யும் நம் உறுப்பினர்களின் நிலைமையை எண்ணிப் பாருங்கள். ஷிப்ட் வேலை. ஒலிபெருக்கியில் அறிவிப்பு வரும்போது அம்மா கம்பெனிக்குள்ளே இருப்பார். செல்போன் லாக்கரில் இருக்கும். வீட்டில் இருப்பது பாட்டியும் பிள்ளைகளும்தான். ஆகவே, ஏழாவது படிக்கிற பிள்ளை எடுத்துக்கொண்டு ஓடும்படி மூட்டை தயாராக இருக்க வேண்டும். பெரிய பொருள்கள் அதற்கு முன்பே வேறு இடத்துக்குப் போயிருக்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. வெயில் இருக்கும் புரட்டாசி மாதத்திலேயே வேலையை முடித்துவிட வேண்டும். காயாமல் கட்டிய பொருள் தண்ணீர் வராமலேயே உள்ளுக்குள் கெட்டுப் போகும்.

எந்த வரிசையில் கட்டுவது?

முதல் பை, காகிதப் பை. ரேஷன் கார்டு, ஆதார், வங்கி பாஸ்புக், பட்டா அல்லது வாடகை ஒப்பந்தம், பிள்ளைகளின் டி.சி., மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், காப்பீட்டு அட்டை, ஆஸ்பத்திரி சீட்டுகள். இவற்றோடு நாம் மறந்துவிடும் இரண்டு உண்டு. ஒன்று, நகை அடகு ரசீது. இரண்டு, கம்பெனி வேலை செய்பவர்களின் சம்பளச் சீட்டு, இ.எஸ்.ஐ. எண், பி.எஃப். எண். ஒப்பந்தத் தொழிலாளியாக வேலை பார்த்ததற்குப் பல சமயம் அந்தச் சீட்டுதான் சாட்சி. இருளர் குடும்பங்களில் சாதிச் சான்றிதழ் வாங்க எத்தனை தடவை அலைந்தீர்கள் என்பது உங்களுக்கே தெரியும். அது முதலில் உள்ளே போக வேண்டும்.

காகிதங்களை ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு, அந்த உறையை இன்னொரு உறையில் போடுங்கள். ரப்பர் பேண்ட் போட வேண்டாம், உருகி ஒட்டிக்கொள்ளும். மூலச் சான்றிதழை லேமினேஷன் செய்ய வேண்டாம், பிறகு அதில் சீல் வைக்கவோ குறிப்பு எழுதவோ முடியாது. எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் நம்பிக்கையான ஒரு உறவினருக்கு அனுப்பி வையுங்கள். டிஜிலாக்கரில் கிடைக்கும் ஆவணங்களை அதிலும் சேமிக்கலாம். தெரியாதவர்கள் குழுவில் படித்த பெண்ணின் உதவியைக் கேளுங்கள். ஆனால் ஓ.டி.பி. எண்ணை யாரிடமும் சொல்லக் கூடாது.

இரண்டாவது, பிழைப்புக்கான பொருள். தையல் மெஷின், கிரைண்டர், தராசு, பூக்கட்டும் சாமான், மீன் விற்கும் பாத்திரம். வீட்டில் டி.வி.யை முதலில் தூக்குகிறோம், தையல் மெஷினைக் கடைசியில் தூக்குகிறோம். இந்த வரிசை மாற வேண்டும். மெஷின் இருந்தால் டி.வி. திரும்ப வாங்கலாம்.

மூன்றாவது, காசு கொடுத்தாலும் கிடைக்காதது. கல்யாணப் போட்டோ, அம்மா கொடுத்த வெண்கலப் பானை, இறந்துபோனவரின் ஒரே படம். நிவாரணப் பட்டியலில் இவற்றுக்கு இடமில்லை. ஆனால் பொருள் போன வீட்டில் பெண்கள் அழுவது பெரும்பாலும் இவற்றுக்குத்தான்.

நான்காவதுதான் மற்ற சாமான்கள்.

எப்படிக் கட்டுவது?

டிரம்: மூடி இறுக்கமாக உள்ள பிளாஸ்டிக் டிரம் நல்லது. ஆனால் ஒரு எச்சரிக்கை. நம் சிப்காட் பகுதியில் கம்பெனிகளிலிருந்து வெளியே வரும் பழைய நீல டிரம்களும் கேன்களும் மலிவாகக் கிடைக்கின்றன. உள்ளே என்ன ரசாயனம் இருந்தது என்று விற்பவருக்கே தெரியாது. எத்தனை முறை கழுவினாலும் பிளாஸ்டிக்கில் ஊறியது முழுவதும் போகாது. அதில் அரிசி, பருப்பு, குடிதண்ணீர், குழந்தைத் துணி வைக்கவே கூடாது. இருபது ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் ஆஸ்பத்திரிக்கு ஆயிரம் கொடுக்க வேண்டாம்.

பெட்டி: கனமான பொருளைச் சின்னப் பெட்டியிலும், லேசான பொருளைப் பெரிய பெட்டியிலும் வையுங்கள். பெரிய பெட்டியில் பாத்திரத்தை நிரப்பினால் அடி பிளந்துவிடும். தூக்குபவரின் இடுப்பும் போகும். ஒரு பெண் தனியாகத் தூக்க முடிகிற அளவுதான் ஒரு பெட்டி.

பாத்திரம்: பித்தளை, வெண்கலத்தைப் புளி போட்டுத் தேய்த்து நன்றாகக் காயவைத்து, துணியில் சுற்றி வையுங்கள். ஒன்றுக்குள் ஒன்று அடுக்கும்போது நடுவில் காகிதம் வைத்தால் சிக்கிக்கொள்ளாது. கண்ணாடி, பீங்கான் சாமானைப் பழைய புடவையில் சுற்றலாம். புடவையும் பத்திரம், கண்ணாடியும் பத்திரம்.

துணி: பட்டுப் புடவையைப் பிளாஸ்டிக் கவரில் மூடி மாதக்கணக்கில் வைத்தால் ஈரம் உள்ளே நின்று ஜரிகை கறுக்கும். முதலில் பழைய வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி, பிறகு டிரங்குப் பெட்டியில் வையுங்கள். அந்துருண்டை ஜரிகையில் படக் கூடாது. பிள்ளைகள் கைக்கு எட்டவும் கூடாது. காய்ந்த வேப்பிலையோ வசம்போ சின்னத் துணியில் முடிந்து போட்டாலும் பூச்சி குறையும்.

மெத்தை, தலையணை: இலவம்பஞ்சு மெத்தை ஒரு முறை ஊறினால் பிறகு உதவாது. இரண்டு நாள் நல்ல வெயிலில் போட்டு, சூடு ஆறிய பிறகு சுருட்டி, தார்ப்பாய்க்குள் வைத்து இரண்டு முனையும் கட்டுங்கள். சூட்டோடு கட்டினால் உள்ளே வியர்த்து நாற்றம் பிடிக்கும்.

தையல் மெஷின்: ஊசியைக் கழற்றி தனியே வையுங்கள். பஞ்சு, தூசி துடைத்து எண்ணெய் விட்டு, ஒரு பழைய துணியில் நாலு தையல் ஓட்டுங்கள். மிச்ச எண்ணெய் அதில் இறங்கிவிடும். மேல்பாகத்தை ஸ்டாண்டிலிருந்து கழற்றிவிட்டால் தூக்குவது எளிது. பெல்ட்டையும் ஸ்குரூவையும் சின்னப் பையில் போட்டு மெஷினோடேயே கட்டிவிடுங்கள்.

மின்சாமான்: அரசு கொடுத்த மிக்சி, கிரைண்டர், மின்விசிறி இன்றும் பல வீட்டில் ஓடுகின்றன. அவற்றை முழுக்கத் துடைத்து உலர்த்தி, முதலில் துணி, அதன்மேல் பிளாஸ்டிக் என்று சுற்றுங்கள். கிரைண்டர் கல்லைத் தனியே கட்ட வேண்டும். பிரிட்ஜை முதல் நாளே நிறுத்தி, ஐஸ் கரைந்த பிறகு துடைத்து, கதவைச் சிறிது திறந்தபடி கயிறு கட்டி வையுங்கள். உள்ளே ஒரு கிண்ணத்தில் அடுப்புக்கரி வைத்தால் வாடை வராது. அதைப் படுக்க வைக்கக் கூடாது. டி.வி.யும் நின்றபடிதான் இருக்க வேண்டும்.

கேஸ் சிலிண்டர்: ரெகுலேட்டரைக் கழற்றி மூடியைப் போட்டு நிமிர்த்தி வையுங்கள். காலி சிலிண்டர் வெள்ளத்தில் மிதந்து போகும், எனவே கட்டி வைக்க வேண்டும். பூட்டிய அறைக்குள் மற்ற சாமான்களோடு சிலிண்டரையோ மண்ணெண்ணெயையோ எந்தக் காரணத்துக்காகவும் வைக்கக் கூடாது.

தானியம்: மூன்று மாதத்துக்குச் சேர்த்து வைக்காதீர்கள். எலியைக் கூப்பிடுவது மாதிரி. தேவைக்கு மட்டும் எவர்சில்வர் டிரம்மில் வைத்து, காய்ந்த மிளகாயோ வேப்பிலையோ போட்டு மூடுங்கள்.

எங்கே வைப்பது?

சென்னையில் இப்போது வாடகைக்குச் சாமான் வைக்கும் அறைகள் வந்துவிட்டன. மாத வாடகை கொடுத்தால் பூட்டிய அறை தருகிறார்கள். நம்மில் பலருக்கு அது கட்டுப்படியாகாது. கட்டுப்படியாகிறவர்களும் மூன்று கேள்வி கேளுங்கள். அந்த இடத்தில் முன்பு தண்ணீர் நின்றதா? ரசீதில் பொருள்களின் பட்டியல் எழுதித் தருவீர்களா? பொருள் கெட்டால் யார் பொறுப்பு?

மற்றவர்களுக்கு வழி, குழுவாகச் சேர்ந்து ஓர் அறை. மேட்டுத் தெருவில் மாடி வீடு உள்ள உறுப்பினரின் ஒரு அறையையோ, வேறு மெத்தை வீட்டில் ஓர் அறையையோ மூன்று மாதத்துக்கு எடுக்கலாம். பத்து வீடு சேர்ந்து வாடகையைப் பகிர்ந்தால் பாரம் தெரியாது. அறுவடைக்கோ பிரசவத்துக்கோ சொந்த ஊர் போகும் லைன் வீட்டுக் குடும்பங்களுக்கும் இந்த அறை உதவும். வாடகை வீட்டைக் காலி செய்தால் சாமானை எங்கே வைப்பது என்ற கவலை அவர்களுக்கு வருஷா வருஷம் உண்டு.

அறைக்கு விதிமுறை வேண்டும். இல்லையென்றால் நட்பு கெடும்.

தரையில் நேராக எதையும் வைக்கக் கூடாது. செங்கல் அடுக்கி மேலே பலகை போட்டு வைக்க வேண்டும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்க வேண்டும்; ஈரமும் கரையானும் சுவர் வழியாகத்தான் வரும்.

ஒவ்வொரு மூட்டையிலும் உறுப்பினர் பெயர், எண், "3-ல் 1", "3-ல் 2" என்று எழுத வேண்டும். என்ன உள்ளே இருக்கிறது என்ற பட்டியல் இரண்டு பிரதி. ஒன்று பொருளுக்கு உரியவரிடம், ஒன்று குழுவின் நோட்டில். இருவரும் கையெழுத்து. உடைந்த பொருளை உடைந்தது என்றே எழுதுங்கள்.

இரண்டு பூட்டு, இரண்டு சாவி, இரண்டு பேரிடம். ஒருவர் மட்டும் திறக்க முடியாது. பணம், நகை, செல்போன், உணவு, சிலிண்டர், மண்ணெண்ணெய், பட்டாசு இவற்றுக்கு அனுமதி இல்லை. நகை வங்கி லாக்கரில் இருக்கட்டும். பதினைந்து நாளுக்கு ஒரு முறை இருவர் போய்த் திறந்து காற்றோட்டம் விட்டு, எலிப் புழுக்கை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

குழுப் பதிவேடுகளை மறக்காதீர்கள்

எல்லா வீட்டுப் பொருளையும் காப்பாற்றிவிட்டு, குழுவின் நோட்டுகளை ஊக்குநர் வீட்டு அலமாரியின் கீழ்த்தட்டில் விட்டுவிட்டால் என்ன ஆகும்? தீர்மானப் புத்தகம், வருகைப் பதிவேடு, ரொக்கப் புத்தகம், சேமிப்பு கடன் பேரேடு இவைதான் குழுவின் உயிர். வங்கி இணைப்புக் கடனுக்குக் குழு குறைந்தது ஆறு மாதம் முறையாக இயங்கியிருக்க வேண்டும். அந்த ஆறு மாதத்தைக் கணக்குத் தொடங்கிய தேதியை வைத்து அல்ல, குழுவின் கணக்குப் புத்தகங்களை வைத்துத்தான் பார்க்கிறார்கள். புத்தகம் போனால் நாம் கூடியதற்கும் சேமித்ததற்கும் சாட்சி போகும். "நான் கட்டிட்டேன்", "நீ கட்டலை" என்ற சண்டை அங்கேதான் தொடங்கும். ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் அன்றைய பக்கத்தைப் படம் எடுத்து இரண்டு பேர் வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் நோட்டுகள் முதல் பையோடு மேட்டு வீட்டுக்குப் போகட்டும்.

தண்ணீர் வடிந்த பிறகு

வீட்டுக்குத் திரும்பியதும் உடனே கழுவ வேண்டாம். முதலில் பாம்பு, பூரான் இருக்கிறதா என்று கம்பால் தட்டிப் பாருங்கள். சேதத்தைப் படம் எடுத்த பிறகு சுத்தம் செய்யுங்கள். கணக்கெடுக்க வருபவர்களிடம் காட்ட அது உதவும். நனைந்த மின்சாமானைப் போட்டுப் பார்க்கவே கூடாது. நன்றாக உலர்த்தி மெக்கானிக்கிடம் காட்டிய பிறகுதான் பிளக்கில் சொருக வேண்டும். நனைந்த காகிதத்தைத் தேய்க்காமல், வெயிலில் போடாமல், நிழலில் பரப்பி மெதுவாக ஒவ்வொன்றாகப் பிரியுங்கள். வெள்ளம் தொட்ட அரிசி, மாவு, மருந்து எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

கடைசியாக ஒன்று. எந்தப் பொருளும் உயிருக்கு ஈடில்லை. வெளியேறச் சொன்னால் முதல் பையை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியேற வேண்டும். கிரைண்டரைத் தூக்க வீட்டுக்குள் திரும்பிப் போகக் கூடாது. அப்படித் திரும்பிப் போகிற நிலைமை வரக் கூடாது என்பதற்காகத்தான் புரட்டாசியிலேயே கட்டச் சொல்கிறோம். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை எண் 1070. இரண்டையும் சுவரில் எழுதி வையுங்கள்.

குழுவில் தனியாக இருக்கும் வயதான அம்மாக்கள், கர்ப்பிணிகள், மாற்றுத்திறனாளி உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டு மூட்டையை முதலில் கட்டுவோம். "என் வீட்டு வேலையே முடியலியே" என்று தோன்றும். நான்கு பேர் சேர்ந்தால் ஒரு வீட்டை அரை நாளில் முடித்துவிடலாம். நாற்று நடவுக்கு முறை வைத்துப் போவது போல இதற்கும் முறை வைத்துக்கொள்வோம்.

அடுத்த கூட்டத்துக்குள் ஒவ்வொரு குழுவும் மூன்று தீர்மானம் எழுதிக் கொண்டுவர வேண்டும். குழுவுக்கு எந்த வீட்டில் அறை? இரண்டு சாவி யார் யாரிடம்? முதலில் யார் வீட்டில் கட்டுவது? இந்த மூன்றுக்கும் தீர்மானப் புத்தகத்தில் பதில் இருந்தால், மழை எவ்வளவு பெய்தாலும் தையில் நாம் தையல் மெஷினை இறக்கி வைத்து வேலையைத் தொடங்கலாம். தவணையையும் தலைநிமிர்ந்து கட்டலாம்.